நிஷாந்தினியின் அறையில் வண்ணத்துப்பூச்சி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தவருக்கு என் கணவரின் அண்ணன் சேதுராமனைத் தெரிந்திருக்காது. "உங்க ஊரு அம்பிட்டியவுல என்னென்ன செடிகொடி இருக்குன்னு பார்த்துட்டு ஒரு கிழமையில கிளம்பிடுவேன்" என்று ஒற்றைப் பையோடு வந்தவர், தைப்பொங்கலையும் சித்திரை வருஷப்பிறப்பையும் எங்கள் வீட்டிலேயே கொண்டாடிவிட்டார். தங்கியது என் மகள் நிஷாந்தினியின் அறையில். அவளுக்கு இந்த வருஷம் உயர்தரப் பரீட்சை. பிள்ளை அடுப்படியில், சோற்றுப்பானைக்கும் தேங்காய் துருவிக்கும் நடுவில் உட்கார்ந்து படிக்கிறாள்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் மனுஷனுக்கு இயற்கைமேல் காதல் வந்துவிட்டது. காதல் வந்தவர் காட்டுக்கல்லவா போக வேண்டும்? ஹந்தானை மலை கண்ணெதிரே நிற்கிறது. ஏறினால் மூச்சு வாங்குதாம், அட்டை கடிக்குதாம். ஆகவே ஆராய்ச்சியெல்லாம் என் வீட்டைச் சுற்றித்தான்.

வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியை வெட்டப்போனால், "அது மெக்சிக்கோவிலேர்ந்து வந்து இங்கேயே தங்கிட்ட செடிம்மா, இருக்கட்டும்" என்பார். வந்து தங்கிவிட்டவர்கள்மேல் அவருக்கு அப்படியொரு பாசம். பக்கத்து வீட்டு மரத்தைப் படமெடுத்து, பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் பிறந்த கலப்பு மரம் என்று பேஸ்புக்கில் போட்டார். அந்த மரத்துக்காரி இன்றுவரை என் முகம் பார்ப்பதில்லை. பூந்தொட்டித் தட்டில் நெளிந்த நுளம்புப் புழுவையும் கொட்ட விடவில்லை. டெங்குப் பரிசோதகரிடம் ஏச்சு வாங்கியது நான்.

பிறகு தொட்டியில் வளர்த்த என் தேசிக்கன்றின் எலுமிச்சை இலைகளில் பச்சைப் புழுக்களைக் கண்டார். தொட்டியோடு தூக்கிப்போய் நிஷாந்தினியின் மேசையில் வைத்தார். மேசையில் மிச்சமிருந்த அவளுடைய புத்தகங்கள் வெளியே வந்தன. புழுவுக்கு அறை, பிள்ளைக்கு அடுப்படி. அன்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன் கணவர் யுகேஷிடம்.

"என்னைப் படிக்க வச்சவரு. எப்படிச் சொல்றது?"

"உங்களைப் படிக்க வச்சாரு, சரி. உங்க மக படிக்க வேணாமா?"

அவர் போனை எடுத்து நோண்டத் தொடங்கினார்.

புழுக்கள் கூடு கட்டின. ஞாயிற்றுக்கிழமை காலை வண்ணத்துப்பூச்சி வெளிவருவதை பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டப்போவதாகச் சேதுராமன் ஊருக்கெல்லாம் அறிவித்தார். நாங்கள் மூவரும் பின்னால் நின்று கைதட்ட வேண்டுமாம். நின்றோம்.

கூட்டில் ஊசிக்குத்துப்போல ஓர் ஓட்டை விழுந்தது. வந்தது வண்ணத்துப்பூச்சியல்ல. கொசுவைவிடச் சின்னதாக, கறுப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக ஏதோ ஊர்ந்து வந்தன. மனுஷன் அசரவில்லை.

"அன்பர்களே, இது குளவியில ஒரு வகை. தாய்க்குளவி வந்து கூட்டுக்குள்ள முட்டை போட்டிருக்கு. குஞ்சுங்க உள்ளேயே தின்னு வளரும். வெளியே பார்த்தா கூடு அப்படியே இருக்கும். உள்ள ஒண்ணும் மிஞ்சாது."

என் பக்கத்தில் நிஷாந்தினி கையில் பாடக்கொப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். நான் கேட்டேவிட்டேன்.

"மாமா, அந்தக் குளவிகூட தின்னு முடிச்சதும் வெளியே போயிடுச்சு. நீங்க எப்பப் போறீங்க? என் பிள்ளைக்கு அறை வேணும்."

அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "கஜலட்சுமி சும்மா தமாசுக்குச் சொல்லுது. இது என் தம்பி வீடு. தம்பி ஒருநாளும் என்னைப் போன்னு சொல்ல மாட்டான்." பேச்சை மாற்றுவதற்காக, திரையில் வந்து விழுந்த கருத்துகளைக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசித்தார்.

"'அருமை ஐயா.' நன்றி. 'அண்ணே, பரீட்சை முடிஞ்ச பிறகு வாங்க.' இது யாரு..."

பெயரைப் பார்த்தார். திரும்பினார். அலுமாரியோரம் யுகேஷ் போனுக்குள் தலையைப் புதைத்து நின்றிருந்தார். எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நிற்கும் அண்ணனிடம் அதைச் சொல்ல என் கணவருக்கு பேஸ்புக் வேண்டியிருந்தது.

மத்தியானமே சேதுராமன் கடுகண்ணாவையிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். பாவம் அவள். நிஷாந்தினி அறையைக் கூட்டித் துடைத்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் யுகேஷ் அந்தக் கதவருகே போய் நின்றார். தட்டக் கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு போனை எடுத்து எதையோ எழுதி அனுப்பினார். உள்ளே டிங் என்றது.

"அப்பா," என்றாள் நிஷாந்தினி உள்ளேயிருந்து. "என்னன்னு வாயத் திறந்து சொல்லுங்க."