பெரட்டுக்கு வாங்க

ஈப்போவில் அந்தச் சின்ன அருங்காட்சியகம், பள்ளி விடுமுறையில் நான்கு சனிக்கிழமைகளை ஊர் மக்களுக்கென்று ஒதுக்கியிருந்தது. ஈயம் தோண்டிய லம்பம், மலாய்ச் சமையல், சீனக் கடைவீதி என்று மூன்று வாரம் ஓடிவிட்டது. நான்காவது, ரப்பர்த் தோட்டத் தமிழர்களுக்கு. அதைக் கேட்டு வாங்கியவள் கலாதேவி. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஓய்வு நாளில் இங்கே சம்பளமில்லாத சேவை. பொறுப்பாளர் புவான் ரொஹானி ஒரே நிபந்தனை போட்டார். நாற்பது பேராவது வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இந்தச் சனிக்கிழமை கிடையாது.

கலாதேவி பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அறிவிப்பு எழுதினாள். மலாயில் எல்லா விவரமும் இருந்தது, காலை பத்து மணி என்பது உட்பட. தமிழுக்கு வந்ததும் அம்மணிக்குக் கவிதை பொங்கிவிட்டது. 'பெரட்டுக்கு வாங்க. சனிக்கிழமை.' அவ்வளவுதான். தோட்டத்தில் வேலைக்குப் போகுமுன் எல்லாரும் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுப்பதுதான் பெரட்டு. தோட்டத்தை விட்டு வந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. பெரட்டு நடக்கும் நேரத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளுக்கு அதன் மணி எங்கே தெரியும்?

சனிக்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கைப்பேசி அலறியது. வாசலில் ஒரே கூட்டம், உடனே வாருங்கள் என்றார் காவலாளி. தலையைக்கூட வாராமல் மோட்டாரை முறுக்கிக்கொண்டு வந்தாள். பூட்டிய கேட்டுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் வரிசை பிசகாமல் நின்றிருந்தார்கள். ஓரத்தில் ஒரு தொழிற்சாலை பஸ்.

"தாமசமா வந்துட்டு முழிக்கிறத பாரு" என்றார் ராக்காயி. கோப்பெங் பக்கம் முப்பது வருடம் பால்மரம் சீவியவர்.

"பத்து மணின்னுதானே பெரியம்மா போட்டிருந்தேன்?"

"அது மலாய்ல லா. தமிழ்ல பெரட்டுன்னு போட்டிருக்க. பெரட்டுன்னா அஞ்சரை. நான்தான் எல்லாருக்கும் வாட்ஸப்ல சொன்னேன்."

பஸ்ஸை ஓட்டி வந்த தர்மேந்திரன் மணியைப் பார்த்தார். "சிலிம் ரிவர்ல நாலு மணிக்கே ஆள் ஏத்தினேன், தங்கச்சி. எட்டு மணிக்கு பஸ் பேக்டரி கேட்ல நிக்கணும். ஆறரைக்குக் கெளம்பிருவேன்."

கலாதேவி கணக்குப் போட்டாள். ஆறரைக்கு எல்லாரும் போய்விட்டால் பத்து மணிக்கு எண்ணுவதற்கு ஈ காக்கை இருக்காது. சாவி புவானிடம். மூன்று முறை அழைத்தாள், எடுக்கவில்லை. உள்ளே அவள் ராப்பகலாகச் செய்த படக்காட்சி, ஒட்டிய புகைப்படங்கள், அறுபது நாற்காலிகள். எல்லாம் பூட்டுக்குள்.

"சரி, இங்கயே பெரட்டு வச்சிருவோம்" என்றாள். "எங்கிட்ட பேரு பதியிற செக்ரோல் இல்ல. ஒவ்வொருத்தரா பேரு, தோட்டத்துல எந்த டிவிசன், இப்ப என்ன வேலைன்னு சொல்லுங்க. போன்ல பதிஞ்சுக்கிறேன்."

"சின்னையா. ரெண்டாம் டிவிசன். இப்ப ஜாகா, காவக்கார வேல. அன்னிக்கு மரத்தப் பாத்தேன், இன்னிக்குக் காரப் பாக்குறேன்."

"நவமணி. ஆயாக் கொட்டாய்ல புள்ளைங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன். இந்த வரிசையில பாதிப் பேருக்குக் கால் கழுவி விட்டிருக்கேன்."

வரிசை சிரித்துக் குலுங்கியது. கலாதேவியும் பயத்தை மறந்து சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு. ஆறரைக்கு பஸ் புறப்பட்டது; மற்றவர்களும் சந்தைக்கும் வேலைக்குமாகக் கலைந்தார்கள்.

பத்து மணிக்குப் புவான் ரொஹானி ஆள் எண்ணும் கருவியோடு வந்தார். அறுபது நாற்காலியும் காலி. நடந்ததைக் கேட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "நான் ஒரு எண்ணை எழுதியாக வேண்டும், கலா" என்றார் மலாயில்.

கலாதேவி கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவை ஓடவிட்டாள். புவானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு குரலுக்கும் ஒருமுறை கருவியை அழுத்தினார். நாற்பதைத் தாண்டியும் நிறுத்தவில்லை. ஐம்பத்தேழு பேர் முடிந்ததும் மறுபடி ராக்காயியின் குரல் வந்தது.

"பேரு கேட்டவ பேரு எங்க?"

பிறகு கலாதேவியின் குரல், சின்னப் பெண்ணுடையதைப் போல. "கலாதேவி. மூணாம் டிவிசன். வேலைக்குப் போற வயசுக்கு முன்னாடியே வந்துட்டோம், பெரியம்மா."

"பரவால்ல. வந்து வரிசையில நில்லு."

புவான் கலாதேவியின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கருவியை அழுத்தினார். படிவத்தில் ஐம்பத்தெட்டு என்று எழுதினார்.

"அடுத்த வருஷம் மலாயிலும் ஐந்தரை என்றே போடுங்கள்" என்றார். "நானும் வர வேண்டும்."