நாலாம் மேசையின் நிறை

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. மண்முனைப் பாலத்துக்கு அப்பால், படுவான்கரையில் இருக்கும் நண்டுத் தொழிற்சாலையில் அன்று அறுநூறு கிலோ நண்டு அவிக்கப்பட்டது.

காலை ஏழு மணிக்கு நாலு மேசைகளிலும் நாற்பது பெண்கள் நின்றார்கள். நீலத் தொப்பி, முகக்கவசம், முழங்கால்வரை இறப்பர் பூட்ஸ். ஓட்டைப் பிளந்து, சின்னக் கத்தியின் முனையால் சதையைச் சிதைக்காமல் எடுத்து, ஐஸின் மேல் இருக்கும் கிண்ணத்தில் போட வேண்டும். மணிக்கொரு தடவை கிண்ணத்தைத் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும். மேசையில் கதைக்கக்கூடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நாலு கிலோ சதை. மாதச் சராசரி அதற்குக் கீழே போனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் மனிதவள அலுவலர் டினோஷா இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். தலைமை அலுவலகத்திலிருந்து அன்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நாலாம் மேசை அன்னப்பூரணியின் நாள் நிறை மூன்று வாரமாக 4.02, 4.01, 4.02 என்றே இருக்கிறது. மற்றவர்களுடையது ஏறி இறங்குகிறது. காரணத்தை அறிவிக்கவும்.

எட்டு மணிக்கு மணி அடித்தது. நாலாம் மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தராசுக்கு நடந்தார்கள். அன்னப்பூரணியின் இடத்தைக் கடக்கும்போது ஒவ்வொருத்தியின் கையிலிருந்த சதைக் கரண்டியும் அவளுடைய கிண்ணத்தின் மேல் ஒரு கணம் சரிந்தது. ஒருத்தியும் குனியவில்லை, நடை தாமதிக்கவில்லை. ஒன்பது பேர் கடந்து முடிந்தபோது அன்னப்பூரணியின் கிண்ணம் நிரம்பியிருந்தது. அவள் தலை நிமிரவில்லை. சிக்குன்குன்யாக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அவளுடைய வலக்கை விரல்கள் மடங்குவதில்லை. கத்தியைப் பெருவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள்.

டினோஷா மூன்று மணிவரை கதிரையை விட்டு எழும்பவில்லை. சோற்றுப் பார்சல் கட்டு அவிழாமல் கிடந்தது. கடைசி நிறுவையில் மேசைத் தலைவி பீற்றிஸ் தராசின் எண்ணைப் பார்த்து, தன் கிண்ணத்திலிருந்து இரண்டு விரலால் கிள்ளி அன்னப்பூரணியின் கிண்ணத்தில் வைத்தாள். 4.02. டிப்ளோமா வகுப்பில் குழு வேலை என்று டினோஷா ஒரு தவணை முழுக்கப் படித்திருந்தாள். கயிறு இழுக்க வைத்தார்கள், கண்ணைக் கட்டி நடக்க வைத்தார்கள். இப்படி ஒன்றை அங்கே யாரும் காட்டவில்லை.

அவள் உடுப்பு மாற்றும் அறைக்கு இறங்கிப் போனாள். காத்தான்குடி ஸஹீதா நோன்போடு, உதடு காய்ந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன மிஸ், காலயில இருந்து மேலயிருந்து பாத்துக்கிட்டே இருந்தீங்க. நண்டு ஏதும் எழும்பி ஓடிச்சா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"அன்னப்பூரணி அக்காட கிண்ணத்தில நீங்க போடுறதப் பாத்தன்," என்றாள் டினோஷா.

சிரிப்பு நின்றது. பீற்றிஸ் தொப்பியைக் கழற்றி நாலாக மடித்தாள்.

"எவ்வளவு போட்டமெண்டும் பாத்தீங்களோ?"

"ஓம். ஏன் எல்லா நாளும் ஒரே அளவு? கூடக் குறையப் போட்டிருந்தா ஒருத்தருக்கும் விளங்கியிராதே."

"மிஞ்சிப் போட்டா அவவுக்கு வெக்கம் மிஸ். குறையிறத மட்டும் போட்டாத்தான் வாங்குவா."

"இப்பிடிச் செய்யச் சொல்லி ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல," என்றாள் ஸஹீதா. "மேசையில கதைக்கக்கூடாதே."

அன்னப்பூரணி குழாயடியில் நின்றாள். விரல் மூட்டுகள் வீங்கி மினுங்கின.

"ரெண்டு மாசத்தில வீக்கம் வத்துமெண்டு டொக்டர் சொன்னவர். மறுகா நானே எடுப்பன் மிஸ். ஒருக்கா வேலையால நிப்பாட்டினா கொம்பனிக்காரர் திரும்ப எடுக்கமாட்டாங்க."

"நிப்பாட்ட விடமாட்டன் அக்கா. நடந்தத அப்பிடியே எழுதப்போறன். வாசிச்சா அவங்களுக்கும் விளங்கும்."

"எழுதாதீங்க மிஸ்," என்றாள் பீற்றிஸ். "தராசு பிழையெண்டு சொல்லிவிடுங்க."

"தராசு போன மாசம்தான் சரிபாத்தது."

"அப்ப எனக்கு விளங்கல்லையெண்டு எழுதுங்க."

டினோஷா இரண்டு பக்கம் எழுதினாள். ஒன்பது பேர் தங்கள் நாலு கிலோவை எடுத்த பிறகு, நாளுக்கு ஏறத்தாழ இருநூறு கிராம் வீதம் சுகமில்லாத ஒருவருக்காக எடுக்கிறார்கள், யாரும் கேட்காமல், ஒரு சொல் பேசாமல். நிறையை ஆள் கணக்கில் பார்க்காமல் மேசைக் கணக்கில் பார்க்கும்படி கேட்டாள். 'இப்படி ஒன்றை நான் முன்பு கண்டதில்லை' என்ற வரியை அழித்தாள். பிறகு திரும்பவும் சேர்த்தாள்.

பதில் மார்ச் 28, வெள்ளிக்கிழமை வந்தது. நாலாம் மேசையின் ஒற்றுமையை நிர்வாகம் பாராட்டியது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் கூடவே வந்தது. நாளுக்கு இருநூறு கிராம் மேலதிகமாக எடுக்க முடியும் என்பது உறுதியாகியிருப்பதால் ஏப்ரலிலிருந்து நாலு மேசைக்கும் அளவு 4.2 கிலோ. அன்னப்பூரணியின் உண்மையான நிறை நாலுக்குக் கீழே இருப்பதால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது.

அன்று பின்னேரம் அன்னப்பூரணி பூட்ஸைக் கழுவித் துடைத்து அலுவலக மேசையருகில் வைத்தாள். கையெழுத்துக்குப் பேனை பிடிக்க முடியவில்லை. டினோஷா மைப் பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"நீங்க நல்லாத்தான் எழுதியிருப்பீங்க மிஸ்," என்றாள் அன்னப்பூரணி, பெருவிரலை மையில் வைத்தபடி.

ஏப்ரலில் அவளுடைய இடத்துக்குக் கம்சாயினி என்ற புதிய பெண் வந்தாள். அவளுடைய கை வேகத்துக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவைத் தாண்டாது. அவள் கண்ணைத் துடைப்பதை மேலேயிருந்து டினோஷா கண்டாள். எட்டு மணி அடித்தது. நாலாம் மேசையிலிருந்து ஒன்பது பேர் நடந்தார்கள். கம்சாயினியின் இடத்தில் ஒன்பது கரண்டிகளும் சரிந்தன. கடைசி நிறுவையில் எண் 4.23. அடுத்த நாள் 4.31. அதற்கடுத்த நாள் 4.20.

டினோஷா கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டாள். அது பற்றி அவள் யாருக்கும் எழுதவில்லை.

ஏப்ரல் மாதக் கணக்கில் நாற்பது பேரில் ஒருவர்கூட 4.2க்குக் கீழே இல்லை. மே தின விடுமுறைக்கு அடுத்த நாள், சுவரில் தொங்கிய சான்றிதழுக்குக் கீழே இருந்த அளவுப் பலகையில் 4.2 அழிக்கப்பட்டு 4.4 என்று எழுதப்பட்டது.