நற்சான்றில் விட்ட இடம்

நடுவட்டத்தை அடுத்த அந்த எஸ்டேட்டில் பெரிய துரை கையெழுத்துப் போடுவது சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரைதான். பிறகு ஜீப் ஊட்டிக்குப் போய்விடும், திரும்புவது செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் காப்பகத்து ஆயா தபித்தாளுக்கோ திங்கட்கிழமை காலை வெலிங்டனில், ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்கு நேர்காணல். நற்சான்று இல்லாமல் வரவேண்டாம் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

அதை ஆங்கிலத்தில் தயாரிப்பது கிளார்க் லூயிஸின் பொறுப்பு. பெயர், தேதி, வேலை எல்லாம் அந்தச் சனிக்கிழமை காலை பத்தரைக்கே டைப் ஆகிவிட்டன. குணத்தைச் சொல்லும் வரியில் மட்டும் இடம் விட்டிருந்தார். பழைய கோப்புகளில் எல்லோருக்கும் ‘நைஸ்’ என்றே போட்டிருந்தது. அகராதியில் பார்க்காத சொல்லை லூயிஸ் எழுதுவதில்லை. பார்த்தார், அங்கேதான் வினை. மேசைக்கு எதிரே காத்து நின்ற தபித்தாளுக்கு அதை விளக்கத் தொடங்கினார்.

“லத்தீன்ல இருந்து வந்திருக்கும்மா. முதல்ல ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். அப்புறம் மடையன். அப்புறம் எடுத்ததுக்கெல்லாம் நொட்டை சொல்றவன். பிறகு நுணுக்கம். இருநூறு வருசமாத்தான் நல்ல அர்த்தம்.”

“நமக்கு மட்டும் அதுக்கு ஒரே அர்த்தமாங்க? மாவை நைஸா ஆட்டறோம். வேலை சொன்னா எம்பட ஊட்டுக்காரரு நைஸா நழுவிருவாரு. உங்களை நைஸ் பண்ணித்தான் லெட்டர் வாங்கோணும்னு பக்கத்தூட்டுக் கருப்பம்மாள் சொல்லி அனுப்புனா. மணி பன்னெண்டாகப் போகுதுங்க!”

“இரும்மா, பொருந்தற சொல்லாப் போடணுமில்ல?”

வெளியே ஜீப் உறுமியது. தபித்தாள் டைப் மிஷினிலிருந்து மேல் தாளை உருவிக்கொண்டு ஓடினாள். கேட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டாள்.

துரை வாங்கி வாசித்தார். “நடுவுல காலியா இருக்கே?”

“கிளார்க் ஐயா இன்னும் சொல்லு தேடறாருங்க தொரை.”

“நீ என்ன போடச் சொல்றே?”

“பதினோரு வருசமா நாப்பது புள்ளைகளைப் பாத்துக்கறா, ஒண்ணுகூட ஓடையில விழலைன்னு போடுங்க.”

துரை சிரிக்கவில்லை. ஜீப்பின் பானெட் மேல் தாளை வைத்து, அந்த வரியை அடித்து, அவள் சொன்னதையே ஆங்கிலத்தில் நெருக்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

லூயிஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஜீப் வளைவில் மறைந்திருந்தது. தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அடித்தல் திருத்தலோடு ஒரு கடிதமும் அவர் ஆபீஸைவிட்டுப் போனதில்லை.

“குடும்மா, சுத்தமா வேற அடிச்சுத் தர்றேன்.”

“அதுல கையெழுத்து நீங்களா போடுவீங்க?”

தபித்தாள் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். லூயிஸ் ஆபீஸுக்குத் திரும்பினார். கார்பன் பிரதியிலும் அதே வரியை அடித்து, துரை எழுதியதை நினைவிலிருந்து எழுதிக் கோப்பில் சேர்த்தார்.