எஞ்சின் மட்டும்

காலை எட்டரை மணிக்குச் சின்ன லொறி வந்து வாசலில் நின்றபோது றிப்கா கேற்றைத் திறக்கவில்லை. "ஜமால்தீன் நானா வரட்டும்" என்று முற்றத்தில் நின்றபடியே சொன்னாள். லொறியிலிருந்து இறங்கிய றம்ஸீன் கேற்றுக் கம்பிகளுக்கிடையால் உள்ளே பார்த்தான். ஏழு வருடம் அவன் குடியிருந்த வளவு அது.

"கள்ளன் மாதிரி வெளியில நிப்பாட்டி வச்சிருக்கிறியா?"

"கள்ளன் எண்டு நான் சொல்லேல்ல. நீங்களாத்தான் சொல்லுறீங்க."

கச்சான் காற்று மணலை அள்ளி இரண்டு பேர் முகத்திலும் எறிந்தது. லொறியின் ஓட்டுனர் ஆசனத்தில் இருந்த றிஷாட் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். அவன் றம்ஸீனின் தங்கையைக் கட்டியவன். கூப்பிட்டதற்காக வந்தவன். இந்தச் சண்டையில் அவனுக்கு விருப்பமில்லை என்பது அவன் கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

முற்றத்தில் நின்ற பழைய வேகன் கார் றிப்காவுடையது. வாப்பா கண்மூடி மௌத்தாவதற்கு முன் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. பின் ஆசனத்தை மடித்துவிட்டு, சீத்தைத் துணி, சாரி, அபாயா என்று மூட்டை மூட்டையாய் ஏற்றிக்கொண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து வெள்ளாங்குளம் வரைக்கும், மறுபக்கம் முசலி வரைக்கும் போய் விற்றுவருவாள். இரண்டு வருடத்துக்கு முன் எஞ்சின் இறுகிப்போனது. சிலாவத்துறையில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருந்த றம்ஸீன்தான் கொழும்பிலிருந்து வேறொரு எஞ்சின் கொண்டுவந்து பூட்டினான். அப்போது அவன் அவளுடைய புருஷன்.

புத்தளத்தில் இன்னொருத்தியை நிக்காஹ் செய்து அவன் ஒன்றரை வருடம் மறைத்து வைத்திருந்தது பிறகு தெரியவந்தது. அழவில்லை, ஆய்க்கினை பண்ணிச் சண்டை பிடிக்கவில்லை. பிரித்துவிடுங்கள் என்று றிப்கா தானே போய்க் கேட்டாள். அவனாக அவளை விட்டிருந்தால் வேறு கதை. பெண்பிள்ளை கேட்டு வாங்கிய பிரிவு என்று ஊர் பேசியதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தார் இரண்டு தரம் கூடிப் பேசி, கார் அவளுக்கு, எஞ்சின் அவனுக்கு என்று தீர்த்தார்கள். எஞ்சினுக்குப் பதிலாய் அதன் பெறுமதியைப் பணமாய் வாங்கிக்கொள்ளேன் என்று கேட்டும் பார்த்தார்கள். "எனக்கு இரும்புதான் வேணும்" என்றான்.

பிரிந்த பெண் இருக்கவேண்டிய மூன்று மாத இத்தா முடியும்வரை பொறுத்திருந்தான். முடிந்த மறுநாளே, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கராஜில் வைத்துக் கழற்றுகிறேன் என்று ஆள் அனுப்பினான்.

"கார் என்ட வளவ விட்டு வெளிக்கிடாது" என்றாள் றிப்கா.

அப்படியென்றால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாய்த் தூக்கிக்கொண்டு போய், கராஜில் பிரித்துவிட்டுக் கியர் பொக்ஸைத் திருப்பித் தருகிறேன் என்றான்.

"கியர் பொக்ஸ் வாப்பா தந்த காரோட வந்தது. போனாத் திரும்பி வராது. அது இருக்கிற இடத்தில இருக்கட்டும். எஞ்சின மட்டும் கழட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

அது சில்லறை வேலையல்ல. இரண்டையும் சேர்த்துத் தூக்குவது சுலபம். கியர் பொக்ஸை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் பிரிப்பதென்றால் இரண்டுக்கும் நடுவில் கைபோகாத இடுக்கில் கிடக்கும் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். கியர் பொக்ஸைக் கீழிருந்து தாங்க வேண்டும். எஞ்சினை நேராக முன்னுக்கு இழுக்க வேண்டும், கொஞ்சம் சரிந்தாலும் கியர் பொக்ஸின் தண்டு வளைந்துபோகும். இது றிப்காவுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

ஜமால்தீன் நானா வந்த பிறகு கேற்று திறந்தது. பள்ளிவாசல் சார்பில் பார்த்துக்கொள்ள வந்த பெரியவர் அவர். பிளாஸ்டிக் கதிரை ஒன்றை நிழலில் போட்டு உட்கார்ந்தார். திறந்த கேற்றால் தெருவில் திரிந்த இரண்டு கழுதைகள் உள்ளே வந்தன. றிஷாட் அவற்றை விரட்டிவிட்டு, மூன்று இரும்புக் குழாய்களை முக்காலியாய் நட்டு, நடுவில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டான்.

றம்ஸீன் வேலையில் கெட்டிக்காரன். பொனட், பற்றறி, ரேடியேற்றர் என்று ஒரு மணித்தியாலத்தில் முன்பக்கம் வெறுமையானது. றிப்கா விறாந்தைப் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெயின்ற் வாளியைக் காருக்கு அருகில் வைத்திருந்தாள்.

"கழட்டுற நட்டெல்லாம் அதுக்குள்ள போடுங்க. காரிட நட்டு காரோட நிக்கணும்."

"உன்ட நட்ட ஆர் தின்னப் போறான்?"

"மூண்டு மாசத்துக்கு முந்தி எண்டா நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்."

அவன் கையிலிருந்த நட்டை வாளியைப் பார்த்து எறிந்தான். அது விளிம்பில் பட்டு மணலுக்குள் போனது. றிப்கா எழுந்து போய், தேடி எடுத்து, வாளிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே படியில் இருந்தாள்.

ஸ்டார்ட்டர் மோட்டர் யாருடையது என்று ஒரு சண்டை வந்தது. அவளுடையது என்று ஜமால்தீன் நானா தீர்த்தார். கிளச் தட்டு அவனுக்குப் போனது. "எல்லாத்தையும் எழுதி வாங்கியிருக்கிறாள், மூச்சத் தவிர" என்று றம்ஸீன் றிஷாட்டிடம் சத்தமாய்ச் சொன்னான். றிஷாட் கழற்றிய கிளச் தட்டை லொறியில் கொண்டுபோய் வைத்தான்.

பதினொரு மணியளவில் எல்லாப் போல்ட்டும் கழன்றது, ஒன்றைத் தவிர. கியர் பொக்ஸின் உச்சியில், தகரச் சுவரோடு ஒட்டிக் கிடந்த போல்ட் அது. றம்ஸீன் மேலிருந்து கையை விட்டான், பக்கத்தால் விட்டான், அடியில் படுத்துக்கொண்டு நீட்டுக் கம்பி போட்டுப் பார்த்தான். புறங்கை உரிந்து இரத்தம் வந்ததே தவிர, நட்டுச் சாவி போல்ட்டில் பிடிக்கவில்லை. அன்று எஞ்சினைப் பூட்டியபோதும் அவனுடைய தடித்த கை அங்கே போகவில்லை. றிப்காவின் கைதான் போனது. அவன் அடியில் கிடந்து "இன்னும் கொஞ்சம் இறுக்கு புள்ள" என்று சொல்ல, இறுக்கியவள் அவள். இரண்டு பேருக்கும் அது ஞாபகம் இருந்தது.

முக்கால் மணித்தியாலம் போன பிறகு றம்ஸீன் சுத்தியலையும் உளியையும் எடுத்தான்.

"என்ன செய்யப் போறீங்க?" றிப்கா எழுந்துவிட்டாள்.

"போல்ட் பூட்டியிருக்கிற காத உடைச்சா, அது தானா வரும்."

"அது கியர் பொக்ஸிட காது. என்ட."

"அப்ப நீயே வந்து கழட்டு."

"கேளுங்க. கேட்டாக் கழட்டுவன்."

றம்ஸீன் உளியைப் போல்ட்டுக்கு நேரே வைத்தான். ஜமால்தீன் நானா கதிரையிலிருந்து எழுந்து, "உடைச்சியெண்டால் எஞ்சினும் இல்ல, ஒண்டும் இல்ல, வெறுங்கையோடதான் போவாய்" என்றார். அவன் உளியை வைத்தபடியே நின்றான். கேட்க மாட்டான். கேட்பதைவிடக் கையை வெட்டிக்கொள்வான். ஏழு வருடத்தில் அவனை அந்தளவுக்கு அவள் அறிந்து வைத்திருந்தாள். இது முடிந்து இவன் வளவை விட்டுப் போனால் போதும் என்று அவளுக்குப் பட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, சாவியைப் பிடுங்காத குறையாய் வாங்கி, இடுக்குக்குள் கையை விட்டாள். நாலு திருப்பில் போல்ட் கழன்று வந்தது. வாளிக்குள் போட்டாள்.

சங்கிலியை இழுத்து எஞ்சினைத் தாங்கவைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். கியர் பொக்ஸின் அடியில் றிஷாட் ஜாக்கை வைத்து, அது கீழே இறங்காதபடி அதன் திருகை இறுக்கினான். அந்த நேரம் பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது.

"நாங்க தொழுதிட்டு வாறம். வாற வரைக்கும் ஒருத்தரும் ஒண்டையும் தொடக்கூடாது" என்றார் ஜமால்தீன் நானா. றம்ஸீன் கையெல்லாம் எண்ணெய் என்றான், வரவில்லை. மற்ற இரண்டு பேரும் போனார்கள். றிப்கா, உள்ளே தொழுகைப் பாயில் இருந்த உம்மாவைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனாள்.

தண்ணீர்க் கோப்பை வாயில் இருக்கும்போது முற்றத்தில் இரும்போடு இரும்பு மோதும் சத்தமும், தொடர்ந்து றம்ஸீனின் அலறலும் கேட்டன.

ஓடிவந்து பார்த்தாள். காருக்கு அடியிலிருந்து அவனுடைய கால்கள் வெளியே நீண்டு மணலை உதைத்துக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தாள். கியர் பொக்ஸின் வாய் கீழே சரிந்திருந்தது. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில், பிடிமானத்துக்கு வைத்திருந்த அவனுடைய இடது கை விரல்கள் அகப்பட்டிருந்தன. ஜாக் சரிந்து, அவனுக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. வலது கையில் ஜாக்கின் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"றிப்கா, ஜாக்க வை... கை போகுது."

அவள் மணலில் படுத்து ஊர்ந்து போய் ஜாக்கை எடுத்தாள். திருகு முழுசாய்த் திறந்திருந்தது. தானாய்த் திறக்கிற திருகல்ல அது. அந்தக் கம்பியின் நுனியைக் கொடுத்துத் திருப்பினால்தான் திறக்கும். தாங்கலை எடுத்துவிட்டால் கியர் பொக்ஸின் பாரம் முழுக்க அந்த ஒற்றைத் தண்டில் தொங்கி, தண்டு வளைந்து, பிறகு எந்த எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டினாலும் கார் ஓடாது. அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஏன் திறந்த நீ?"

அவனை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த வேதனைக்குள்ளும் அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"முதல்ல தூக்கு."

"ஏன் திறந்த எண்டு கேக்கிறன்."

"அல்லாஹ்வுக்காகத் தூக்கு!"

"தூக்குவன். சொல்லு."

அவனுடைய முகமெல்லாம் வியர்வையும் மணலுமாய் இருந்தது. அவள் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அவள் ஜாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். ஒரு நிமிடம் இருக்கும், இரண்டாகவும் இருக்கலாம்.

"இந்தக் கார் இனி ஓடக்கூடாது எண்டுதான்" என்றான் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊர் ஊராத் திரிஞ்சு என்ட மானத்த வித்தனி தானே. நடந்து திரி."

"கம்பியத் தா."

கொடுத்தான். அவள் ஜாக்கை நேரே வைத்து, திருகை இறுக்கி, கம்பியைப் போட்டு மேலும் கீழுமாய் அடித்தாள். கம்பி இரண்டு தரம் நழுவியது. கியர் பொக்ஸ் மெல்ல மேலே எழும்பியது. அவன் கையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முனகியபடி வெளியே உருண்டான்.

தொழுதுவிட்டு வந்தவர்கள் கேற்றடியில் கண்டது, வாளிக்குப் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த றம்ஸீனையும் மணல் அப்பிய உடுப்போடு நின்ற றிப்காவையும்தான்.

"இவள்தான்! நான் அடியில கிடக்கேக்க ஜாக்கத் தட்டி விட்டவள்!"

ஜமால்தீன் நானா றிப்காவைப் பார்த்தார். "திருகத் திறந்தது அவர்" என்றாள் அவள்.

றிஷாட் காருக்கு அடியில் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து, முதல் தடவையாக அந்த வளவில் வாய் திறந்தான். "மச்சான், நான் இறுக்கிப்போட்டுத்தான் போனனான். ஜாக்க வெளியால தட்டோணுமெண்டா, அடியில கிடந்த உங்களத் தாண்டித்தான் அவ போகோணும்."

"நீயும் அவளோட சேந்துட்டியா?"

"ஆசுப்பத்திரிக்கு ஏறுங்கோ" என்றான் றிஷாட்.

லொறி போன பிறகு எஞ்சின் அரைவாசி வெளியே தொங்கியபடி நின்றது. "நாளைக்கு ஆரையும் கூட்டியாந்து பாப்பம், விடு புள்ள" என்றார் ஜமால்தீன் நானா.

"இப்பிடித் தொங்கினாத் தண்டு வளைஞ்சிரும் நானா. நீங்க சங்கிலியப் பிடியுங்கோ. நான் சொல்லேக்க இழுங்கோ."

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தார். அவள் எஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து, ஆட்டி ஆட்டி, நேராய் முன்னுக்கு எடுத்தாள். தண்டு கிளச்சை விட்டு நழுவி வெளியே வந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. எஞ்சின் காற்றில் ஒரு தரம் சுற்றி நின்றது. அதைப் பழைய டயர் ஒன்றின் மேல் இறக்கியபோது பின்னேரம் மூன்றரை. தண்டை விரலால் சுழற்றிப் பார்த்தாள். கோணல் இல்லை. அதன்பிறகுதான் அவளுக்குப் பசித்தது.

மாலையில் றிஷாட் தனியே வந்தான். "ரெண்டு விரல் முறிஞ்சிட்டுது. பொலிசில முறைப்பாடு குடுக்கப் போறாராம்" என்றான்.

"குடுக்கட்டும். நடந்ததச் சொல்லுவன்."

"கேட்டா நானும் திருகுக் கதையச் சொல்லுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாறன்." அவன் சங்கிலிக் கப்பியால் எஞ்சினை லொறியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, சலாம் சொல்லிவிட்டுப் போனான்.

முறைப்பாடு வரவில்லை. கதை மட்டும் வந்தது. சிலாவத்துறையில் தொடங்கி முசலி முழுக்க, புருஷன் கையை இரும்புக்குள் வைத்து நசுக்கிய பெண் என்று பேச்சுப் பரவியது. றிப்கா இரண்டு மாதம் பஸ்ஸில் மூட்டையோடு திரிந்தாள். பிறகு வெள்ளாங்குளத்தில் கனகரத்தினம் என்ற வயல்காரரின் வளவில், விபத்தில் நசுங்கிய கார் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அதன் எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டுவித்தாள்.

அந்தக் காரில் முசலிக்குப் போன முதல் நாளே, வாடிக்கைக்காரி நசீறா பின்கதவடியில் வந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "மெய்தானா புள்ள, அவன்ட கைய நசுக்கினதாம்?"

"கைய வச்சது அவன்தான்" என்றாள் றிப்கா. "ஆனா நான் உடன எடுத்து விடேல்ல. ஒரு கேள்வி கேட்டனான். மறுமொழி வந்த பிறகுதான் தூக்கினனான்."

நசீறா பின்கதவுக்குள் தலையை விட்டு மூட்டைகளைப் பார்த்தாள்.

"அந்தப் பச்சைச் சீத்தைய விரிச்சுக் காட்டு" என்றாள் பிறகு.