கோணல் கதவு

ஒரே அறை, ஒரு அடுப்பு, ஏணி வைத்து ஏறும் பரண். பண்ணையில் கூலி வேலை செய்த ஒருவன் தன் கையாலேயே கட்டிக்கொண்ட வீடு அது. இப்போது அரசு பாதுகாக்கும் பழைமைச் சின்னம். பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஆட்டம் கண்ட கதவு நிலையை இறுக்கிவிட்டால், நாளை பார்வையாளர்களுக்குத் திறப்பு. "எங்க வீட்டுக்காரர் நல்லா செய்வாரு மேடம்" என்று அதிகாரியிடம் சொல்லி, தச்சனான கணவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான்.

நன்றாகத்தான் செய்தான். அதுதான் வம்பாகிவிட்டது.

"ஏங்க, கதவு ஏன் சாத்த மாட்டேங்குது?"

"நிலைக்கால் சாஞ்சிருந்துச்சு. நிமித்திட்டேன்."

"எதையும் மாத்தக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"கோணல் நிலையைப் பாத்துட்டு வந்தா எனக்குச் சோறு இறங்குமா?"

"மத்தியானம் மேடம் வராங்க. என் வேலை போச்சுன்னா சோறே கிடையாது, அப்புறம் எங்க இறங்குறது?"

அவன் இழைப்புளியை எடுத்தான். "கதவுல கொஞ்சம் இழைச்சா சரியாப் போயிடும்."

அவள் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "முதல்ல என்னை இழைங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாகக் கதவை நிதானமாகப் பார்த்தான். ஒன்று வண்டிப் பலகை, ஒன்று பெட்டி மூடி, இன்னொன்று எங்கே கிடைத்ததோ. எல்லாம் மர ஆணி. ஓரத்தில் பழைய வெட்டு, அதன்மேல் புது வெட்டு, அதன்மேல் இன்னொன்று.

"அடப்பாவி!" என்றான் மெதுவாக. "சுவர் இறங்க இறங்க, கூடவே கதவையும் திருத்திக்கிட்டே வந்திருக்கான், இந்த வீட்டைக் கட்டினவன். பொண்டாட்டி பிள்ளைங்க மேல காத்து படக் கூடாதுன்னு. எனக்கு இந்தப் பொறுமை வராது."

"எனக்குத் தெரியாதா!"

கதவைச் சாத்தி வைத்து, நிலைக்காலின் ஆப்புகளைத் தளர்த்தினான். அவள் தோள் கொடுத்தாள். நிலை மெல்லச் சாய்ந்து, கதவின் ஓரத்தோடு ஒட்டி நின்றது. கடைசி ஆப்பை அடிக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார்.

அவள் மறைக்கவில்லை. நிமிர்த்தியதையும் மறுபடி சாய்த்ததையும் சொல்லிவிட்டு, தலைகுனிந்து நின்றாள்.

அதிகாரி கதவைத் திறந்தார், சாத்தினார். இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தார். "நீங்க கை வச்ச மாதிரியே தெரியலையே!"

"அதுதான் மேடம் எனக்கும் வருத்தம்" என்றான் தச்சன்.

அவர் சிரித்துவிட்டார். "நாளைக்கு வரவங்களுக்கு இந்தக் கதவைப் பத்தி நீங்களே சொல்லுங்க."

"சொன்னா, நான் நிமித்தினதையும் சொல்லணுமே?"

"அதை நான் சொல்லிக்கறேன்" என்றாள் அவள்.