வெள்ளைக் கட்டை

இஸ்திரிப் பெட்டி சட்டைக் காலரின் மேல் போய்க்கொண்டிருந்தபோது பெப்பின் சமையலறை வாசலில் வந்து நின்றான். செத்துப்போனவரின் தம்பி. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான்.

"அண்ணி, சவ வண்டிக்காரன் கேக்கறான். போற வழியில எந்த பார்ல நிறுத்தணுமாம்?"

மிக்தாலியா தலை நிமிரவில்லை. மத்தியானம் கோவிலில் பூசை. அதற்குள் இந்தச் சட்டை எலாதியோவின் உடம்பில் ஏறியாக வேண்டும். நெஞ்சில் மடிப்பு மடிப்பாகத் தைத்த வெள்ளைச் சட்டை. அவளைத் தவிர வேறு யார் தேய்த்தாலும் போட்டுக்கொள்ள மாட்டார். முந்தாநாள் காலை வேனைக் கழுவிக்கொண்டே அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. அது நின்றதால்தான் அவள் வெளியே ஓடிவந்து பார்த்தாள். சக்கரத்தோரம் உட்கார்ந்திருந்தார், கையில் ஈரத்துணியோடு.

வியெகெஸ் தீவில் ஒரு மனுஷன் இடுகாட்டுக்குப் போகிற வழியில், அவன் வழக்கமாக உட்கார்ந்து குடித்த பார் வாசலில் கொஞ்சநேரம் நின்றுவிட்டுத்தான் போவான். சவப்பெட்டியின் மேல் ஒரு வாய் ரம் தெளிப்பார்கள், அவனுக்குப் பிடித்த பாட்டைப் போடுவார்கள். எந்த பார் என்று சொல்வது பெண்டாட்டியின் பாத்தியதை. எலாதியோ விஷயத்தில் அதற்குப் போட்டியே இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு, யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன பார்களைக் காட்டுவதுதான் அவர் பிழைப்பு. முந்தாநாளிலிருந்து ஒவ்வொரு கடைக்காரனும் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்த பார்கள் ஒளிந்திருந்ததே எலாதியோ புண்ணியத்தில்தான். பாதிக் கடைகள் தார் ரோட்டிலிருந்து கல்லெறி தூரத்தில் இருந்தன. அவர் நேராகப் போகமாட்டார். மண்பாதையில் இறங்கி, குதிரை மேய்கிற காட்டைச் சுற்றி, ஒரு பாலத்தை இரண்டு தடவை கடந்து, முள்வேலியை விலக்கிப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துவார். வெள்ளைக்காரர்கள் புதையல் எடுத்ததுபோலக் கை தட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதை மிக்தாலியாவுக்கு நடித்துக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போய் எல்லாக் கடையிலும் உட்கார வைப்பார். "உனக்குக் காட்டாம நான் ஒரு எடத்தையும் வெச்சுக்கலடி" என்பார். அவள் அதை நம்பினாள். அந்தத் தீவில் மறைவான பார் எதுவும் தனக்கு மறைவானதில்லை என்று தோழிகளிடம் பீற்றிக்கொண்டும் இருந்தாள்.

"கடற்கரையில ஹூலியோ கடையில நிறுத்தச் சொல்லு," என்றாள்.

தரையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சொராய்தா சட்டென்று சொன்னாள்: "என்னம்மா, நெரெய்தா வீட்டுலதான நிறுத்தணும்?"

சொன்ன பிறகுதான் பெண்ணுக்கு உறைத்தது. பெப்பின் கூரையில் எதையோ தேடினான்.

"எந்த நெரெய்தா?"

"பஸ்தேல் விக்கிறவங்க."

"அவ எங்கடி பார் வெச்சிருக்கா?"

கருகல் வாடை வந்தபோதுதான் மிக்தாலியா பெட்டியைத் தூக்கினாள். காலரின் உள்பக்கம் பழுப்பாகப் போயிருந்தது. சவப்பெட்டிக்குள் படுத்தால் வெளியே தெரியாது.

"வேனை எடு," என்றாள் மகளிடம்.

கத்தித்தழும்பு மாதிரி நீண்டு கிடந்த தார் ரோட்டில் வேன் போனது. உள்ளே இன்னும் அவருடைய வாடை இருந்தது. மிக்தாலியா மடியில் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"எத்தன நாளா?"

"நான் பள்ளிக்கூடம் போறப்பவே அப்பாவ அங்கதான் போய்க் கூட்டிட்டு வருவேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேம்மா. ஊருக்கே தெரியுமே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். தன் தட்டிலேயே மறைத்திருக்கிறார்கள் என்பதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளே அந்த வாசலில் போய் நின்று, வாழையிலையில் கட்டி அவித்த பஸ்தேல் பொட்டலங்களை நெரெய்தாவிடம் வாங்கிவந்திருக்கிறாள். "உங்க வீட்டுக்காரருக்கு மிளகாய் கம்மியா வெச்சிருக்கேன்" என்று அவள் சொன்னதற்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறாள். அவருக்கு மிளகாய் ஆகாது என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ஏன் தோன்றாமல் போனது? பூசைக்கு நெரெய்தா வரக்கூடாது, இடுகாட்டுப் பக்கமும் தலை காட்டக்கூடாது. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவது என்று தீர்மானித்துக்கொண்டாள்.

வேலிக் கதவில் ஒரு நீல வாளி தொங்கியது. நேராகத் தொங்கினால் கடை திறந்திருக்கிறது, கவிழ்ந்து தொங்கினால் மூடியிருக்கிறது என்றாள் சொராய்தா. இன்றைக்குக் கவிழ்ந்திருந்தது. அந்த வாளியையும் மிக்தாலியா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற வாளி என்று நினைத்திருந்தாள்.

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனால், தகரக் கூரை போட்ட ஒரு சாய்ப்பு. பழைய ஐஸ்பெட்டி ஒன்று, ரம் பாட்டில்கள் அடுக்கிய பலகை ஒன்று, ஒரு மேசை, நான்கு நாற்காலி. அவ்வளவுதான். இதற்கு வழிகாட்ட ஒரு சுற்றும் வேண்டாம். வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இரண்டு கிழட்டு மீனவர்கள் மேசையருகே உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். மேசையில் புள்ளி போட்ட டொமினோ ஆட்டக் கட்டைகள் குப்புறக் கவிழ்ந்து கிடந்தன, ஒருவரும் தொட்டிருக்கவில்லை. காலியாக இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் உடைந்த காலுக்குத் தூண்டில் நரம்பால் வரிந்து வரிந்து கட்டுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு எலாதியோவினுடையது. வீட்டில் குழாய் ஒழுகத் தொடங்கி ஒரு வருஷமாகிறது. இங்கே வந்து நாற்காலிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

நெரெய்தா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முன்பல் ஒன்று இல்லாதவள், காலைச் சாய்த்து நடக்கிறவள். இவள் ஓர் அழகியாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

"வாங்க மிக்தாலியா. உக்காருங்க."

"நான் உக்கார வரல."

"சரி."

"சவ வண்டி இங்க நிக்காது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நிக்கவே கூடாது," என்றாள் நெரெய்தா. "நின்னா நாளைக்கே வெள்ளைக்காரங்க கேமராவும் கையுமா வந்துருவாங்க. அவருக்கே புடிக்காது."

சண்டைக்கென்று வந்தவளுக்குச் சண்டை கிடைக்காமல் போவதுபோல ஓர் எரிச்சல் உண்டா? மிக்தாலியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு என்ன புடிக்கும் புடிக்காதுன்னு நீ எனக்குச் சொல்லாத. இத்தன வருஷமா இங்க உக்காந்து என்ன பேசினாரு? அதச் சொல்லு. என்னப் பத்தி என்ன சொன்னாரு?"

மீனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேச்சா?" என்றார் மூத்தவர். "எலாதியோவா? கல்லுளிமங்கன்மா அந்தாளு."

"இங்க பேச்சே கெடயாது," என்றாள் நெரெய்தா. "எதிர் எதிரா உக்கார்ற ரெண்டு பேரு ஒரு ஜோடி. பேசினா ஜோடிக்கு ஜாடை காட்டற மாதிரி ஆயிரும். கையில தோதான கட்டை இல்லன்னா இப்படித் தட்டுவோம்." மேசைப் பலகையில் விரல்முட்டியால் இரண்டு தடவை தட்டினாள். "எங்கிட்ட இல்ல, அடுத்த ஆளு போடுன்னு அர்த்தம். இங்க அவரு பேசினது அது ஒண்ணுதான்."

"யாரு அவருக்கு ஜோடி?"

கட்டுப்போட்ட நாற்காலிக்கு எதிரில் இருந்த நாற்காலியின் மேல் நெரெய்தாவின் சால்வை கிடந்தது.

முத்தம், கட்டில் என்று எதையாவது கேட்க நேர்ந்தால் என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள் மிக்தாலியா. இதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. அவளுக்கு வாய்த்ததெல்லாம் பேச்சு. சோற்றில் பேச்சு, குளியலறைக்குள் பேச்சு, தூக்கத்தில் பேச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருங்களேன் என்று அவள் கெஞ்சாத நாள் உண்டா? அப்படிச் சும்மா இருந்த எலாதியோவை இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். வாயைத் திறக்காமல், எதிரே உட்கார்ந்து, கையில் இருப்பதை அறிந்துகொண்டு.

"வீட்டுல வாயை மூடவே மாட்டாரு," என்று மிக்தாலியாவின் வாயிலிருந்து தானாக வந்தது.

"அப்படியா?" நெரெய்தா துணியைக் கீழே வைத்தாள். ஓரடி கிட்டே வந்தாள். "என்ன பேசுவாரு?"

அந்தக் கேள்வியில் இருந்தது என்னவென்று மிக்தாலியாவுக்கு உடனே தெரிந்தது. காலையிலிருந்து தன் நெஞ்சில் கிடக்கிற அதே பொறாமைதான். சொல்லியிருக்கலாம். பாதிரியார் வீட்டுக்குள் புகுந்த குதிரையைப் பற்றி, நிலாவைப் பற்றி அவர் விடுகிற புளுகைப் பற்றி, கடைசி நாள் காலையில் வேன் டயரோடு பேசிக்கொண்டிருந்ததைப் பற்றி. எதிரே நின்றவள் பல் போன வாயைத் திறந்தபடி காத்திருந்தாள்.

"எல்லாம் பேசுவாரு," என்றாள் மிக்தாலியா. அதற்குமேல் ஒன்றும் கொடுக்கவில்லை.

நெரெய்தா தலையாட்டினாள். மேசைக்குப் போய்க் கவிழ்ந்து கிடந்த கட்டைகளில் ஒன்றை, தேடாமல், எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் புள்ளியே இல்லாத வெள்ளைக் கட்டை. தந்தம் மாதிரி மஞ்சள் பாரித்து, நடுவில் லேசாகக் குழிந்திருந்தது.

"இத அவரு கைக்குள்ள வெச்சிருங்க. வேற ஒண்ணும் வேணாம். இந்தக் கட்டை வந்துச்சுன்னா அவருக்குக் கட்டைவிரல் சும்மா இருக்காது. தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. அதப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுரும், வெள்ளை அவர்கிட்டதான் இருக்குன்னு. கடைசிவரைக்கும் நான் அத அவர்கிட்டச் சொன்னதில்ல."

"ஒரு கட்டை போச்சுன்னா ஆட முடியாதே?" என்றாள் சொராய்தா.

"இனிமே இங்க ஆட்டம் இல்ல பாப்பா," என்றார் மூத்த மீனவர்.

மிக்தாலியா கட்டையை வாங்கிக்கொண்டாள். விதவை நானா, இவளா? அந்தக் குழியில் தன் விரல் பொருந்துகிறதா என்று பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். பொருந்தவில்லை, அவர் விரல் பெரிது. பூசைக்கு வராதே என்று சொல்ல வந்ததைச் சொல்லாமலே வேனில் ஏறினாள்.

ஹூலியோ கடை வாசலில் சவ வண்டி நின்றபோது கூட்டம் தாங்கவில்லை. அரைக்கால் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வெள்ளைக்காரர்கள்கூட ஒதுங்கி நின்று அழுதார்கள். எலாதியோ தங்களைக் காட்டுக்குள் சுற்றவைத்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஹூலியோ பெட்டியின் மேல் ரம் தெளித்தான். ஒரு வாய்க்குப் பதில் அரை பாட்டில். பெப்பின் பாட்டுக்கு மெல்ல ஆடினான். மிக்தாலியா எல்லாருக்கும் தலையசைத்தாள். அவளுடைய வலக்கை மூடியே இருந்தது.

வண்டி திரும்பி நெரெய்தா வீட்டு வேலியைக் கடந்தபோது வேகம் குறையவில்லை. நீல வாளி கவிழ்ந்தபடி ஆடியது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை; ஊரே சேர்ந்து திரும்பாமல் இருந்தது.

இடுகாட்டில், பெட்டியைத் திறக்கச் சொல்லி, குழியில் இறக்குமுன் கடைசியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார் பாதிரியார். மகளும் தம்பியும் முத்தமிட்டு விலகினார்கள். பிறகு மிக்தாலியா. சட்டையின் மடிப்புகள் நேராக இருந்தன. கருகின காலர் தெரியவில்லை. இத்தனை அமைதியாக அவரை அவள் பார்த்ததே கிடையாது. இந்த முகத்தைத்தான் நெரெய்தா வருஷக்கணக்காக எதிரே உட்கார்ந்து பார்த்தாளா? மிக்தாலியா குனிந்தாள். கோத்திருந்த அவருடைய விரல்களுக்கு அடியில் தன் மூடிய கையை நுழைத்தாள். அவர் கை கனமாக, குளிர்ந்து கிடந்தது. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்தாள். கை மூடியே வெளியே வந்தது.

நிமிர்ந்தபோது பெட்டிக்கு அந்தப் பக்கம் நெரெய்தா நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு உடை, அதே சால்வை. வரிசையில் அவள் முறை. அவள் எலாதியோவின் முகத்தைப் பார்த்தாள், கோத்த விரல்களைப் பார்த்தாள். பிறகு மிக்தாலியாவின் வலக்கையைப் பார்த்தாள்.

மூடிய கைக்குள் கட்டைவிரல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. மிக்தாலியாவுக்கே அது தெரியாது. நெரெய்தாவின் கண் அதிலேயே நிற்கக் கண்டு, குனிந்து பார்த்து, நிறுத்தினாள்.

நெரெய்தா கையை நீட்டி, பெட்டியின் விளிம்பில் விரல்முட்டியால் இரண்டு தடவை தட்டிவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.