இழுத்தால் இறங்கும் கியர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒரு கம்பியை மட்டும்தான். 2002ஆம் ஆண்டு, கோரிப்பாளையம் சிக்னலில் எனக்கு முன்னால் ஒரு பழைய புல்லட் நின்றது. பெட்ரோல் டேங்குக்கு வலப்பக்கம் முழ நீளக் கம்பி, நுனியில் உருண்டைப் பிடி. ஓட்டியவர் அதைக் கையால் அசைத்துக் கியர் போட்டார். காலால் போடுவதை ஏன் கையால் போடுகிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். பச்சை விழுந்துவிட்டது. மிச்சம் முழுக்க என் கைச்சரக்கு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "இரும்புக்கும் ஓர் இதயம் உண்டு என்பதைத் துளசிராம்" (கிடையாது. இரும்பை அறுத்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.)

இரண்டாம் முயற்சி: கே.கே. நகரில் துளசிராம் தன் கார் ஷெட்டில் லேத் வைத்திருந்தார். கார் தெருவில் வெயில் காய்ந்தது.

இது நிற்கிறது. பகலில் வங்கி வேலை. சாயங்காலம், கடையில் கிடைக்காத பைக் பாகங்களைச் செய்வது. லேத் என்கிற கடைசல் எந்திரத்தில் சுழல்வது கத்தி அல்ல, இரும்பு. கத்தி ஓரிடத்தில் பொறுமையாக நிற்கும். இரும்பு சுற்றிச் சுற்றி வந்து தன்னைத்தானே சீவிக்கொள்ளும். (இதை எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு அலுக்காது. உங்களுக்கு அலுத்தால் அடுத்த எண்ணுக்குத் தாவலாம்.)

அவர் மனைவி பத்மாசினி கோபம் வந்தால் சௌராஷ்டிரத்துக்கு மாறிவிடுவார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆகவே இந்தக் கதையின் மிகச் சிறந்த வசனங்கள் இதில் இல்லை.

3

மலையாண்டி செக்கானூரணிப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவர். கிணற்றுப் படியில் விழுந்ததில் வலது கணுக்கால் இறுகிவிட்டது. புல்லட்டை உதைத்துக் கிளப்ப முடியும். அதற்கு உடம்பின் கனம் போதும். ஆனால் பழைய புல்லட்டில் கியரும் வலது காலில்தான். பாதம் மேலும் கீழும் மடங்கினால்தான் மாறும். குதிகாலால் தட்டிப் பார்த்து இரண்டு முறை விழுந்தார். மனைவி ஒச்சாயி வண்டியை விற்பதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வாங்குபவர் பெயர் கருத்தக்கண்ணன். ஞாயிறு காலை பத்து மணிக்கு, வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே வந்து எடுத்துக்கொள்வார்.

மலையாண்டியைச் சோகமாகத்தான் எழுத ஆரம்பித்தேன். கண்கலங்க ஷெட் வாசலில் நின்று (இந்த வாக்கியத்தை முடிக்க அவர் விடவில்லை.)

"காலுதான் மடங்கலை சார், கை நல்லா மடங்குது. கையில கியர் போடுற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. வண்டி இல்லைன்னா பூ மூட்டைய பஸ்ல ஏத்த கண்டக்டரு கால்ல விழுகணும். அதுக்கும் காலு மடங்கணும்ல?"

4

வேலை இதுதான். கைக்கம்பியின் நடுவில் ஓர் அச்சு. கம்பியின் கீழ்முனையிலிருந்து ஓர் இணைப்புத் தண்டு. அது போய்ச் சேருமிடம், கால் கியரை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாட்டிய ஒரு சின்ன இரும்புக் கை. நடு அச்சையும், அது சுழலும் பித்தளைக் குழலையும் துளசிராம் லேத்தில் கடைந்தார். இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுடிகூட நுழையக் கூடாது. அதே சமயம் விரலால் தொட்டால் சுழல வேண்டும். மூன்று சாயங்காலம் ஆனது.

இழுத்தால் கியர் ஏற வேண்டும், தள்ளினால் இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, மலையாண்டியும் ஒச்சாயியும் பார்த்து நிற்க, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி இழுத்துப் பார்த்தார். இறங்கியது. தள்ளினார். ஏறியது.

பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் சீசா பலகையின் விதிதான் காரணம். நடுவில் அச்சு இருந்தால் ஒரு முனை போகும் திசைக்கு மறு முனை எதிராகப் போகும். தலைமுடியில் பாதியை அளந்தவர் இதை மறந்துவிட்டார்.*

* இந்தத் தவறை அவர் தலையில் நான் கட்டவில்லை. கதைக்காகப் படம் போட்டுப் பார்த்தபோது நானும் மறந்தேன். வெட்கமாக இருந்ததால் அவருக்குக் கொடுத்துவிட்டேன். (அப்படியானால் கட்டியதாகத்தான் அர்த்தம்.)

5

"இறங்குங்க. அந்த இரும்புக் கையத் தலைகீழா மாட்டணும். அரை மணி நேரம்," என்றார் துளசிராம், அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்ட மலையாண்டியிடம்.

"எதுக்கு சார்?"

"இழுத்தா கியர் இறங்குதுல்ல?"

"மாட்டு வண்டியில கயித்த இழுத்தா மாடு என்ன செய்யும்? பாய்ஞ்சு ஓடுமா?"

"...நிக்கும்."

"அதான சார் இதும் செய்யுது! இழுத்தா மட்டுப்படுது, தள்ளுனா போகுது. நீங்க மொதல்ல போட்ட கணக்குத்தான் தப்பு."

துளசிராமால் தாங்க முடியவில்லை. தன் தவறைத் தவறு என்றால் ஒப்புக்கொள்வார். சரி என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? ஸ்பேனரோடு குனிந்தார். பத்மாசினி ஏதோ சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டார் (மொழி: மேலே சொன்னது).

அதற்குள் ஒச்சாயி பின் சீட்டில் ஏறிவிட்டார். "தெருவ ஒரு சுத்து சுத்துவோம். எஞ்சின் அணைஞ்சாலும் சரி, என்னையக் கீழ போட்டாலும் சரி, வண்டி கருத்தக்கண்ணனுக்கு."

"அணையலைன்னா?"

"மொதல்ல ஓட்டுய்யா. எம்புட்டு நேரம் குத்தவச்சிருக்க?"

6

ஒன்பது ஐம்பதுக்குத் தெருமுனையில் திரும்பினார்கள். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம்.

முடிவு அ: மூன்றாம் நிமிடம் திரும்பி வருகிறார்கள், எஞ்சின் அணையவே (நல்லது. ஆனால் நான்காம் நிமிடமும் யாரும் வரவில்லை.)

முடிவு ஆ: வளைவில் பழக்கதோஷத்தில் மலையாண்டி காலால் தேட, வண்டி (சத்தம் எதுவும் கேட்கவில்லையே. புல்லட் விழுந்தால் தெருவே கேட்டிருக்கும்.)

மணி பத்து ஐந்து. கருத்தக்கண்ணன் வந்துவிட்டார். கேட்டில் கைவைத்து, "வண்டி எங்கண்ணே?" என்கிறார்.

துளசிராம் என்னைப் பார்க்கிறார். எனக்குத் தெரியாது, சத்தியமாக. அவர்களைத் திரும்பி வரச்சொல்லித்தான் எழுதினேன். இப்போதுதான் கவனிக்கிறேன்: வரும்போது ஒச்சாயி ஷெட் மூலையில் வைத்த ஒயர் கூடை அங்கே இல்லை. தண்ணீர்ப் பாட்டிலும் புளிசாதமும் இருந்த கூடை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றப் போகிறவர் அதை எதற்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

கருத்தக்கண்ணன் மறுபடியும் கேட்கிறார். கேட்டுக்கு மிக அருகில் நிற்பது நீங்கள்தான். ஏதாவது சொல்லுங்கள்.